சுண்டல், ரவுண்ட் ராக்

நவம்பர் முதல் வாரம் லா பாஸிலிருந்து மெயில் வந்தது. மெக்சிகோவில் எங்கள் படகு நிற்கும் தனியார் படகுத்துறையின் அலுவலகம். அங்கே வேலை செய்யும் லூபே எப்போதும் போல அன்பாக எழுதியிருந்தார். எங்கள் கோப்பில் இருக்கும் உங்கள் படகின் பதிவுச் சான்றிதழ் அக்டோபரோடு காலாவதியாகிவிட்டது. புதியதை டிசம்பர் பதினைந்துக்குள் அனுப்பினால்தான் அடுத்த வருட ஒப்பந்தம் போட முடியும். கடைசி வரியில், ஜெபினா எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தார்.

என் மனைவி ஜெபினா இறந்து பதின்மூன்று மாதம் ஆகிறது. லூபேயிடம் நான் சொல்லவில்லை. அந்த ஒரு ஊரில் மட்டும் அவள் இன்னும் இறக்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருந்தேன்.

படகின் பெயர் சுண்டல். இருபத்தேழு அடி. ஒரு பாய்மரம், காலையில் இருமும் ஒரு டீசல் என்ஜின், இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்க இடம். சான் டியாகோவில் ஒரு கிழவரிடம் வாங்கினோம். பாய் கட்டத் தெரிந்தவள் அவள். பெர்க்லியில் படிக்கும்போது கற்றுக்கொண்டாள். எனக்குக் கயிற்றைப் பிடி என்றால் பிடிக்கத் தெரியும், விடு என்றால் விடத் தெரியும்.

வெளிநாட்டில் நிறுத்தப் போவதாக இருந்தால் கடலோரக் காவல் படையான கோஸ்ட் கார்டிடம் பதிவு செய்துவிடுங்கள் என்றார் கிழவர். அந்தப் பதிவுக்கு உரிமையாளர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். கிரீன் கார்டு போதாது. ஜெபினா ஐந்து வயதில் இங்கே வந்தவள், குடிமகள். நான் நாகர்கோவிலில் பிறந்து, சென்னையில் படித்து, இருபத்தாறு வயதில் வந்தவன். கல்யாணத்தில் கிரீன் கார்டு கிடைத்தது. மூன்று வருடத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கலாம். இந்திய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க மனம் வராமல் தள்ளிப் போட்டேன். அதனால் படகு அவள் பேரில் பதிவானது.

“பேப்பர்ல மட்டும்தான் நான் ஓனர். நீ சிட்டிசன் ஆனதும் உன் பேரையும் சேத்துடலாம்” என்றாள்.

இந்த ஆகஸ்டில் ஓக்லண்டில் சத்தியப் பிரமாணம் எடுத்தேன். அவள் தம்பி சுபின் டெக்சஸிலிருந்து அதற்காகவே விமானத்தில் வந்தான். என் கையில் ஒரு குட்டிக் கொடியைக் கொடுத்துப் படம் எடுத்தான். மதியம் எங்கள் ஊரான டப்ளினில் பிரியாணி வாங்கிக் கொடுத்தான். நான் குடியுரிமை வாங்கியது படகுக்காக என்று அவனிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவை இருப்பதாகத் தோன்றவில்லை. அவள் துணிகளை அவள் அம்மா, என் அத்தை, எடுத்துப் போய்விட்டார். அவள் கார் லீஸ் முடிந்து திரும்பிப் போய்விட்டது. எங்கள் இருவருக்கும் பொதுவாக மிச்சமிருந்தது சுண்டல் மட்டும்தான். அதை என் பேருக்கு மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அரசாங்கத்தின் இணையப் பக்கம் ஒன்று உண்டு. படகின் எண்ணைப் போட்டால் போதும். ஆபீஸில் மதியம், தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போட்டேன்.

பெயர்: சுண்டல். நீளம் சரி. கட்டிய வருடம் சரி. பதிவு நிலை: செல்லும், அடுத்த ஜூலை வரை. எந்த ஊர்ப் படகு என்ற கட்டத்தில்: ரவுண்ட் ராக், டெக்சஸ்.

இன்னொரு சுண்டலோ என்று நினைத்தேன். எண்ணை மறுபடி போட்டேன். அதே பதில்தான் வந்தது.

எங்கள் படகின் ஊர் டப்ளின், கலிஃபோர்னியா. படகின் பின்பக்கம் பெயருக்குக் கீழே ஊரையும் எழுத வேண்டும் என்பது விதி. அந்த எழுத்துகளை ஒட்டியவன் நான். ரவுண்ட் ராக்கில் எனக்குத் தெரிந்தவன் சுபின் ஒருவன்தான். அங்கே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை.

அவனுக்கு ஃபோன் செய்திருக்கலாம். செய்யவில்லை. ஆளிடம் கேட்டால் பதில் வரும். பேப்பரிடம் கேட்டால் தேதி வரும்.

ஊரில் வீட்டுக்கு வில்லங்கச் சான்று எடுப்பது போல, இங்கே படகுக்கும் ஒன்று எடுக்கலாம். யார் யாருக்கு எப்போது கொடுத்தார்கள் என்ற வரிசை அதில் இருக்கும். விண்ணப்பித்தேன். பதினொரு நாள் கழித்து வந்தது. ஒரே தாள். முதல் வரி, சான் டியாகோ கிழவர் ஜெபினா ரூஃபஸுக்கு விற்றது. இரண்டாவது வரி, ஜெபினா ரூஃபஸ் சுபின் தங்கராஜுக்கு விற்றது. நூறு சதவீதம். அக்காவும் தம்பியும் என்று அந்தத் தாளைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. அவள் பேருக்குப் பின்னால் என் குடும்பப் பேர். அவன் பேருக்குப் பின்னால் அவர்கள் அப்பா பேர்.

கையெழுத்தான தேதி, போன வருடம் பிப்ரவரி இருபது.

நோய் எனக்குத் தெரிந்தது ஜூன் மூன்றாம் தேதி. அன்று அவள் கண் மஞ்சளாகியிருந்தது. சமையலறையில் நின்றபடி, “கணையத்துல கட்டி. இன்னைக்குத்தான் சொன்னாங்க” என்றாள். இன்றைக்குத்தான் என்று சொன்னதை நான் சந்தேகப்படவில்லை. இன்ஷூரன்ஸ் அவள் ஆபீஸுடையது. கடிதங்கள் அவள் பேருக்கு வரும். அடுத்தவர் தபாலைப் பிரிக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

பிப்ரவரியில் படகைக் கொடுத்திருக்கிறாள் என்றால் பிப்ரவரியில் அவளுக்குத் தெரியும்.

அப்படி இருக்காது, வேறு காரணம் இருக்கும் என்று ஒரு மணி நேரம் தேடினேன். அவள் காலண்டர், எங்கள் படங்கள், வங்கி. எதிலும் ஒன்றும் இல்லை. பிறகு சர்ச் ஞாபகம் வந்தது.

எங்கள் தமிழ் சபைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஜெபக் குழு இருக்கிறது. நூற்று நாற்பது பேர். போதகரின் மனைவி சாந்தாமணி ஆன்ட்டி ஒவ்வொரு ஞாயிறும் விண்ணப்பங்களை எண் போட்டு அனுப்புவார். விசா கிடைக்க, வேலை நிலைக்க, குழந்தை பிறக்க. வெளியே சொல்ல முடியாததற்குப் பெயர் போட மாட்டார்கள். ஒரு சகோதரன், ஒரு சகோதரி என்று மட்டும் வரும். கீழே எல்லோரும் ஆமென் போடுவோம். முழுதாகப் படித்துப் போடுகிறவர்கள் குறைவு. நானும் படிப்பதில்லை.

கையெழுத்துக்கு அடுத்த ஞாயிறு, போன வருடம் பிப்ரவரி இருபத்தைந்துக்கு மேலே தள்ளிக்கொண்டு போனேன்.

நான்காவது விண்ணப்பம். நம் ஈஸ்ட் பே பகுதியில் ஒரு சகோதரி, வயது முப்பத்து மூன்று. கணையத்தில் கட்டி. குடும்பத்தில் சிலருக்கு இன்னும் தெரியாது. ஆண்டவர் அற்புத சுகம் தர ஜெபிப்போம்.

கீழே வரிசையாக ஆமென். ஒன்பதாவது என்னுடையது. இரவு எட்டு பதினாறு. பத்தாவது ஜெபினாவுடையது. எட்டு பதினேழு.

ஞாயிறு எட்டு மணிக்கு நாங்கள் சோபாவில் இருப்போம். அவள் கால் என் மடியில் இருக்கும். என் பெருவிரல் ஃபோனில் ஆமெனை அழுத்தியதை அவள் பார்த்திருப்பாள். பார்த்துவிட்டுத் தானும் அழுத்தியிருக்கிறாள்.

குடும்பத்தில் சிலருக்குத் தெரியாது. அந்தச் சிலர் யார் என்று எண்ணிப் பார்த்தேன். ஒருவன்தான்.

அந்த ஏப்ரலில் லா பாஸ் போனோம், பத்து நாள். படகைக் கரையேற்றி அடிப்பாகத்தைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்க வேண்டியிருந்தது. வெயில் நூறைத் தாண்டியது. நான் நான்கு நாள் மல்லாந்து கிடந்து சுரண்டினேன். அவள் நிழலில் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்தாள்.

“கொஞ்சம் கை கொடேன்.”

“முடியல.”

“முடியலன்னா? ஏதாவது பண்ணுதா?”

“சொல்றேன்.”

“எப்ப சொல்வ? படகு ஆசை உனக்கு, சுரண்டுறது நானா? சரியான சோம்பேறிடி நீ.”

அவள் சிரித்தாள். “ஆமா, சோம்பேறிதான். இன்னும் திட்டு” என்றாள்.

திட்டினேன். அவள் சொன்னதைக் கேட்டுத் தாராளமாகத் திட்டினேன். சாயங்காலம் வெயிலில் உரிந்து போயிருந்த டப்ளின் என்ற எழுத்துகளைப் பிய்த்துவிட்டுப் புதிதாக ஒட்டினேன். ‘எல்’ கொஞ்சம் சாய்ந்துவிட்டது. தள்ளி நின்று பார்த்தவள், “பரவால்ல, அழகா இருக்கு, விடு” என்றாள். படகு அப்போது ரவுண்ட் ராக் ஆகி ஏழு வாரம்.

லூபேக்கு உடனே பதில் எழுதவில்லை. தேங்க்ஸ்கிவிங் விருந்து வரும்வரை காத்திருந்தேன். அத்தை வீட்டுக்கு சுபின் வருவான்.

மாமா உயிரோடு இல்லை. அத்தை ஜோசபின் தனியாக ஃப்ரீமான்டில் இருக்கிறார். மகள் போன பிறகும் நான் மாப்பிள்ளைதான். தலைமாட்டு நாற்காலியில் என்னைத்தான் உட்கார வைப்பார். வான்கோழியை மசாலா தடவி வாட்டியிருந்தார். பக்கத்தில் மீன் குழம்பு. வான்கோழி சரியில்லாமல் போனால் தப்பிக்க.

“அத்தான், டர்க்கி பக்கம் போயிடாதீங்க. செருப்பு. நான் வார்ன் பண்ணிட்டேன்” என்றான் சுபின்.

“வாய மூடுல. உங்கப்பா இருந்தா ரெண்டு துண்டு சாப்பிட்டுட்டு மூணாவது கேப்பாரு” என்றார் அத்தை. “நீங்க மீன் போட்டுக்கிடுங்க மாப்பிள்ள. என்ன இப்படி எலும்பா போயிட்டீங்க?”

“அப்பா மூணாவது கேட்டது லவ்வுமா. டேஸ்ட் இல்ல.”

நான் சாப்பிட்டு முடித்தேன். கை கழுவிவிட்டு வந்தேன். பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேஜையில் வைத்து சுபின் பக்கம் தள்ளினேன். அவன் முதல் வரியிலேயே நிறுத்திவிட்டான். படிக்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை.

“அத்தான், நானே சொல்லணும்னுதான்...”

“எப்ப?”

அவன் தாளைக் குப்புறத் திருப்பினான்.

“ஆகஸ்ட்ல கொடி குடுத்தியே, அப்பவா?”

“அக்காதான் கேட்டா. அவ போயிட்டா அன்னைக்கே ரெஜிஸ்ட்ரேஷன் போயிடும், உங்க பேருக்கு மாத்த முடியாது, நீங்க சிட்டிசன் இல்ல. அதான் என் பேர்ல வச்சுக்கோன்னா. நீங்க சிட்டிசன் ஆனதும் குடுத்துடணும்னா. அவ்வளவுதான் அத்தான். ஐ ஸ்வேர்.”

“ஆகஸ்ட்ல ஆயிட்டேன்.”

சுபின் அம்மாவைப் பார்த்தான். அத்தை குழம்புச் சட்டியை மூடினார். மறுபடி திறந்தார்.

“நான்தான் குடுக்காதன்னு சொன்னேன்” என்றார். “நீங்க யார்கூடவும் பேச மாட்டேங்கீங்க. சர்ச்சுக்கு வர மாட்டேங்கீங்க. அந்தப் படக எடுத்துக்கிட்டு ஒத்தையா கடலுக்குப் போயி, திரும்பி வரலன்னா? எனக்கு இன்னொண்ணு தாங்காது மாப்பிள்ள. அதான் வித்துருன்னேன். நீங்க அதப் பத்திப் பேச்சே எடுக்கல. மறந்துட்டீங்கன்னு நினைச்சேன்.”

“வித்தாச்சா?”

“இல்ல” என்றான் சுபின். “ஒரு புரோக்கர்ட்ட பேசினேன். சும்மா பேசினேன். அவ்வளவுதான்.”

“சரி. பிப்ரவரில தெரியுமா?”

இந்தக் கேள்விக்கு இருவரும் தயாராக இருக்கவில்லை. படகைப் பற்றிக் கேட்பேன் என்று மட்டும்தான் நினைத்திருக்கிறார்கள். அத்தை நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஜனவரில” என்றார். “ஜனவரி கடைசில.”

“எனக்கு ஜூன்ல.”

“அவ சத்தியம் வாங்கிட்டா மாப்பிள்ள. பைபிள் மேல கைய வைக்கச் சொன்னா. ‘எல்லாரும் என்ன நோயாளியா பாக்குறீங்கம்மா. அவன் ஒருத்தன்தான் சண்டை போடுறான். பாத்திரம் கழுவலன்னு திட்டுறான். அது கொஞ்ச நாளாவது இருக்கட்டும்’னா. பெத்தவ நான் என்ன செய்ய, சொல்லுங்க? உங்களுக்குத் தெரிஞ்சா வேலைய விட்டுட்டு டாக்டர் டாக்டரா அலைவீங்க. அவ அத விரும்பல.”

“ஜெபக் குழுவுல போட்டது யாரு?”

“நான்தான். பேர் போடல.”

“நான் ஆமென் போட்டேன்.”

“பாத்தேன்” என்றார் அத்தை. பிறகு மெல்ல, “ரொம்ப சந்தோஷப்பட்டேன் மாப்பிள்ள. அறியாம போட்டாலும் புருஷன் ஜெபம்லா” என்றார்.

அவர் கேலி செய்யவில்லை. அவருக்கு உண்மையிலேயே அது ஆறுதலாக இருந்திருக்கிறது. அது தெரிந்த பிறகு எனக்குக் கத்த வரவில்லை. கத்துவதற்கென்று ஃப்ரீவேயில் மனதுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. அவற்றை இந்த அம்மாவிடம் சொல்ல முடியாது. சொல்ல வேண்டியவள் இல்லை.

“அவளுக்கு என்ன வேணும்னு எல்லாரும் யோசிச்சிருக்கீங்க” என்றேன். “எனக்கு நாலு மாசம் வேணும்னு தோணியிருக்கும். அத யாரும் கேக்கல. அவள சோம்பேறின்னு சொன்னேன். ஏப்ரல்ல. அந்தப் படகுக்குக் கீழ படுத்துக்கிட்டு.”

“அவ அத எங்கிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னா” என்றான் சுபின்.

அதையும் சொல்லியிருக்கிறாள். எங்களுக்குள் நடந்த சண்டைக்குக்கூட அவர்களிடம் ஒரு பிரதி இருந்திருக்கிறது. அவர்களுக்கு அதன் அர்த்தமும் தெரியும். அர்த்தம் தெரியாமல் சண்டை போட்டவன் நான்.

“படகு எனக்கு வேணும்” என்றேன்.

அத்தை சுபினைப் பார்த்துத் தலையை இடதும் வலதுமாக ஆட்டினார். வேண்டாம் என்று. நான் பார்க்கிறேன் என்பதை மறந்துவிட்டார்.

சுபின் தாளை மடித்தான். “அம்மா, போதும்” என்றான். “நாளைக்குப் பண்ணிடலாம் அத்தான்.”

மறுநாள் வெள்ளி. கடைகள் எல்லாம் தள்ளுபடிக் கூட்டம். டப்ளினில் பார்சல் அனுப்பும் ஒரு கடையில் நோட்டரி இருந்தார். எங்களுக்கு முன்னால் எட்டு பேர் எதையோ திருப்பி அனுப்பப் பெட்டிகளோடு நின்றார்கள். சுபின் விற்பனைப் பத்திரத்தை வீட்டிலேயே அச்சடித்துக் கொண்டு வந்திருந்தான். விற்பவர் சுபின் தங்கராஜ். வாங்குபவர் எட்வின் ரூஃபஸ். நூறு சதவீதம்.

வரிசையில் நின்றபோது ஒரு முறை அவன் பேச முயன்றான்.

“அத்தான், ஆகஸ்ட்லயே குடுத்திருக்கணும். தப்புதான். ஆனா அக்கா விஷயத்துல... அவ கேட்டா. கடைசியா கேட்டது அது. நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

நான் யோசித்தேன். அவள் கேட்டிருந்தால் நானும் பைபிள் மேல் கை வைத்திருப்பேன். அதை அவனிடம் சொல்லவில்லை. அவள் என்னிடம் எதையும் மறைக்கச் சொல்லிக் கேட்டதில்லை. என்னிடம்தான் மறைத்தாள். கேட்கப்பட்டவர்களுக்கும் எனக்கும் நடுவே அது எப்போதும் இருக்கும்.

நோட்டரி இருவரின் லைசென்ஸையும் பார்த்தார். படகா, கிறிஸ்துமஸ் பரிசா, கொடுத்து வைத்தவர் நீங்கள் என்று என்னிடம் சொன்னார். நீங்கள் சொந்தமா என்று கேட்டார்.

“ஹீ இஸ் மை சிஸ்டர்ஸ் ஹஸ்பண்ட்” என்றான் சுபின்.

முத்திரை விழுந்தது. அவன் கையெழுத்து ஜெபினாவின் கையெழுத்து போலவே இருந்தது. ‘எஸ்’ மேலே கொக்கி போட்டு நிற்கும். இத்தனை வருடத்தில் நான் கவனித்ததில்லை.

பதிவு விண்ணப்பத்தையும் அங்கேயே நிரப்பினேன். பெயர், சுண்டல். எந்த ஊர்ப் படகு என்ற கட்டத்தில் டப்ளின் என்று எழுதினேன். பின்பக்கத்தில் சாய்ந்த ‘எல்’லோடு ஏற்கெனவே அதுதான் இருக்கிறது. உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டேன். ஃபோனில் லூபேக்கு எழுதினேன். பதிவு செல்லுபடியாகிறது, பேர் மாற்றத்துக்கு அனுப்பியிருக்கிறேன், ரசீதை இணைத்திருக்கிறேன். ஜெபினா போன வருடம் அக்டோபரில் இறந்துவிட்டாள். அந்த வரியை எழுதிவிட்டு வாசித்துப் பார்க்காமல் அனுப்பினேன்.

வெளியே வந்தோம். காரில் அத்தை காத்திருந்தார். வரமாட்டேன் என்று சொன்னவர், கடைசி நிமிடத்தில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பின் சீட்டில் ஏறிக்கொண்டார். நான் ஓட்டினேன். சிக்னலில் நின்றபோது அவர் முன்பக்கம் சாய்ந்தார்.

“படகு பாக்கப் போவீங்களா மாப்பிள்ள?”

“போவேன்.”

“எப்ப? சுபின கூட்டிட்டுப் போங்க. லீவு போட்டுருவான்.”

“ஆமா அத்தான். ஐ கேன் கம். எப்ப போறீங்க?”

டிசம்பர் நான்காம் தேதி போகிறேன். எட்டாம் தேதி திரும்பி வருகிறேன். போக வர டிக்கெட் எடுத்து ஒரு வாரம் ஆகிறது. கடலுக்குப் போவதாக இல்லை. எனக்குப் பாய் கட்டத் தெரியாது. கேபினைத் திறந்து, அவள் தொப்பியும் சன்ஸ்க்ரீனும் இருக்கும் அலமாரியைப் பார்த்துவிட்டு வர வேண்டும். திரும்பும் தேதியை இந்த அம்மாவிடம் சொன்னால் போதும். இன்று ராத்திரி தூங்குவார்.

கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. பதிலுக்குக் காத்திருந்தது.

சிக்னல் பச்சைக்கு மாறியது.

“சொல்றேன்” என்றேன்.